கூடலூர்க் கடலா, நாகப்பட்டினக் கடலா? வாலாஜாபேட்டை வீட்டில் கிடைத்த ஒரு போர்க்கப்பல் படம்

பாலாற்றங்கரை (வாலாஜாபேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டனார் காலம் முதல் வாலாஜாபேட்டை வீட்டின் முன்கூடத்தில் மாட்டியிருந்த ஒரு கடற்போர்ப் படம், பாகப்பிரிவினையில் வேறு யாரும் கேட்காததால் என்னிடம் வந்திருக்கிறது. அகலம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. முன்னால் மூன்று பாய்க்கப்பல்கள் பெரியனவாகவும், பின்னால் ஐந்து புகைக்குள் மங்கலாகவும் உள்ளன. ஒரு கப்பலில் ஆங்கிலேயர் கொடி பறக்கிறது. எதிரே நிற்கும் கப்பலில் வெள்ளைத் துணி போன்ற ஒரு கொடி இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது, அது சரணடைவதற்காகக் காட்டிய வெள்ளைக் கொடி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

படத்தின் அடியில் பெயரும் ஆண்டும் அச்சாகியிருந்ததாக என் தாயார் சொல்வார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் சட்டம் மாற்றக் கொடுத்தபோது, புதிய சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடையில் அந்த அடி ஓரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டைத் திருப்பித் தரவும் இல்லை. அதை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் ஆறவில்லை. பாட்டனார் மட்டும் அதைக் "கூடலூர்ச் சண்டை" என்று சொல்லி வந்தாராம். கூடலூர் என்று அவர் சொன்னது இன்றைய கடலூரை.

நான் கடலை ஆண்டுக்கு ஒருமுறை மெரினாவில் பார்ப்பவன். கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெயரில்லாத இப்படியொரு படத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது, எதைப் பார்த்து ரசிப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணியம்பாடி மாலுமி

ஐயா, வணக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவர் தரைப்படைக்குப் போனார்கள். நான் மட்டும் கடற்படைக்குப் போனேன். பணியில் இருந்த நாள்களில் கடற்படை உணவுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் இத்தகைய படங்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒருவர், கப்பலைப் பார்க்காதே, முதலில் காற்றைப் பார் என்பார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாய்க்கப்பல் படத்தில் காற்று நான்கு இடங்களில் தன்னைக் காட்டும்: கொடியில், பாயில், புகையில், அலையில். இந்த நான்கும் ஒரே திசையைச் சொன்னால், வரைந்தவர் கடலை அறிந்தவர் என்று நம்பலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அறைக்குள் உட்கார்ந்து வரைந்த படமாக இருக்கலாம், அல்லது காற்று மாறிய ஒரு நொடியை வேண்டுமென்றே பிடித்த படமாக இருக்கலாம். இரண்டாவது அரிது. அப்படிப்பட்ட படத்தைக் கண்டால் நான் நெடுநேரம் அதன் முன்னால் நின்றுவிடுவேன்.

இங்கே நம் பக்கத்து மக்கள் வழக்கமாகத் தவறும் ஓர் இடம் உண்டு. தேர்தல் காலத்தில் ஜீப்பில் கட்டிய கொடி பின்னோக்கித்தான் பறக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கப்பலின் பின்முனையில் கட்டிய கொடி முன்னோக்கிப் பறப்பதாக வரைந்திருந்தால் பிழையாகத் தோன்றும். உண்மையில் பின்னாலிருந்து வரும் காற்றுத்தான் கப்பலைத் தள்ளுகிறது. கப்பல் காற்றைவிட மெதுவாகப் போவதால், கொடி அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை நோக்கியே பறக்கும். பழைய ஓவியர்கள் இதைச் சரியாகவே வரைந்தார்கள்.

அடுத்து, போரின் நடுவில் எல்லாப் பாய்களையும் விரித்துப் பொலிவாக நிற்கும் கப்பலைக் கண்டால் கொஞ்சம் ஐயப்படுங்கள். சண்டையில் கீழ்ப்பாய்களைப் பெரும்பாலும் பருமல்கள் வரை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பங்கள் வரை, சுருட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். தீப்பொறி பிடிக்கக் கூடாது, மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு எதிரி தெரிய வேண்டும் என்பதே காரணம். நடுப்பாய்கள் மட்டும் வேலை செய்யும். காற்று பலமாக இருந்து கப்பல் ஒருபுறம் சாய்ந்திருந்தால், சாய்ந்த பக்கத்தின் அடிவரிசைப் பீரங்கிக் கதவுகள் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் கடல் உள்ளே வந்துவிடும்.

புகையை இன்னும் கவனமாகப் பாருங்கள். காற்று வரும் பக்கம் நிற்கும் கப்பல் சுட்டால் அதன் புகை எதிரியின் மேல் போய்க் கவியும். எதிர்ப்பக்கம் நிற்பவன் சுட்டால் அவன் புகையே அவன் கண்ணை மறைக்கும். காற்றுமேல் பக்கத்தைப் பிடிப்பதற்காகத் தளபதிகள் ஒரு நாள் முழுதும் அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் படத்தில் யாருடைய புகை யாரை மூடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கோட்டை அகழி (வேலூர்)

மாலுமி ஐயா காற்றைச் சொல்லிவிட்டார். நான் கொடியைச் சொல்கிறேன், ஏனெனில் படத்தின் காலத்தை அறியும் முதல் வழி அதுதான்.

வெள்ளைக் கொடி சரணடைவதற்குரியது என்று நீங்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன், அந்நாட்டு அரசரின் போர்க்கப்பல்கள் வெறும் வெள்ளைக் கொடியையே பறக்கவிட்டன. 1790இல் அதன் மூலையில் மூவண்ணம் புகுந்தது. 1794 முதல் கொடி முழுவதுமே மூவண்ணமாயிற்று. முடியாட்சி மீண்ட 1815க்குப் பின் சில ஆண்டுகள் வெள்ளைக்கொடி திரும்பியதுண்டு. அக்காலத்தில் இவ்விரு நாடுகளும் தம்முள் போரிடவில்லை. ஆகவே ஆங்கிலக் கொடிக்கு எதிரே வெள்ளைக் கொடி நின்று சுடுகிறது என்றால், காட்சி 1790க்கு முற்பட்டது.

ஆங்கிலேயர் கொடியின் மூலையையும் பாருங்கள். இன்று நாம் காணும் ஒன்றியக் கொடியில் சிவப்பு மூலைவிட்டப் பட்டைகள் உள்ளன அல்லவா? அவை 1801 சனவரி 1ஆம் நாள் அயர்லாந்து இணைந்தபோது சேர்ந்தவை. அதற்கு முந்தைய கொடியில் நேரான சிவப்புச் சிலுவையும் வெள்ளை மூலைவிட்டமும் மட்டுமே இருக்கும்.

கப்பலின் விலாவும் ஒரு சான்று. கறுப்பும் மஞ்சளும் மாறிமாறி வரும் பட்டைகளும், மஞ்சள் பட்டையில் கட்டம் போட்டதுபோல் கறுப்புக் கதவுகளும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்தில் வந்து, 1805இன் டிரபால்கர் போருக்குப் பின் பரவியவை. 1780களின் கப்பல் மரத்தின் நிறம் தெரியும் வெளிறிய மெருகோடு இருந்திருக்க வேண்டும். அக்காலத்துப் போரை வரைந்த படத்தில் நெல்சன் கட்டம் இருந்தால், வரைந்தவர் பிற்காலத்தவர்.

உங்கள் பாட்டனார் சொன்ன கூடலூர்ச் சண்டையைத் தள்ளிவிட முடியாது. 1782, 1783 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூசும் இந்தக் கடலில் ஐந்து முறை மோதினார்கள்: 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், ஏப்ரலில் இலங்கையின் கிழக்கே புரொவிடியன் என்ற சிறு தீவின் அருகில், சூலை 6ஆம் நாள் நாகப்பட்டினத்தில், செப்டம்பரில் திருகோணமலையில், கடைசியாக 1783 சூன் 20ஆம் நாள் கூடலூரில். அந்தக் கடைசிப் போரில் ஆங்கிலேயரிடம் 18 பெருங்கப்பல்களும் பிரெஞ்சுக்காரரிடம் 15உம் இருந்தன. ஐரோப்பாவில் அமைதிக்கான பூர்வாங்க உடன்பாடு அந்தச் சனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி இங்கே வந்து சேர்வதற்குள் அத்தனை பேர் மாண்டுபோனார்கள்.

பாலாற்றங்கரை

இரவு முழுவதும் படத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆங்கிலக் கொடியில் சிவப்பு மூலைவிட்டம் இல்லை. கப்பலின் விலா வெளிறிய பழுப்பாக இருக்கிறது, கட்டம் இல்லை. கொடிகளும் புகையும் இடப்பக்கம் நோக்கிப் போகின்றன. வலப்பக்கம் நிற்கும் ஆங்கிலக் கப்பலின் புகை வெள்ளைக் கொடிக் கப்பலின் மேல் படர்கிறது. ஆனால் பின்னால் நிற்கும் இரண்டு கப்பல்களின் பாய்கள் மட்டும் மற்றவை போல் உப்பாமல், பாய்மரத்தோடு ஒட்டிப் பின்னழுந்தியது போல் உள்ளன. இது பிழையா?

கணியம்பாடி மாலுமி

பிழை என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். நாகப்பட்டினப் போரில் இரு பக்கமும் தலா 11 கப்பல்கள் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தபோது, நண்பகலுக்குப் பின் காற்று திடீரென்று திசை மாறியது. காலையில் தென்மேற்கிலிருந்து வீசிய காற்று, கடற்காற்றாகித் தென்கிழக்குப் பக்கம் திரும்பிற்று. சோழமண்டலக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது அன்றாடச் செய்தி. வேலூரில் அடிக்கும் சித்திரை வெயிலில்கூட, மாலையில் கிழக்கிலிருந்து ஒரு குளிர்ச்சி வராதா என்று நாம் காத்திருப்பதில்லையா? அந்தக் காற்றுத்தான் அன்று இரண்டு வரிசைகளையும் குலைத்தது. எதிர்க்காற்று முகத்தில் அடித்ததும் பாய்கள் பாய்மரத்தில் அழுந்தி, கப்பல்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பிவிட்டன. அந்தக் குழப்பத்தில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் கொடியை இறக்கிவிட, அவருடைய அதிகாரிகள் அதை ஏற்காமல் மறுபடி ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அன்று காற்றுமேல் பக்கம் இருந்தவர் ஹியூஸ். உங்கள் படத்தின் புகையும் அப்படித்தான் சொல்கிறது.

ஆயினும், கப்பலை நிறுத்துவதற்காகத் தலைவரே வேண்டுமென்று பாயைப் பின்னழுத்துவதும் உண்டு. ஆகவே இதைக் கொண்டு மட்டும் நாகப்பட்டினம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சோளிங்கர் வாசகன்

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே பேசப்படும் நுட்பங்களை மதிக்கிறேன். எனினும் என் மனத்தை உறுத்துவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கப்பல்கள் யாருடைய மண்ணுக்காகச் சண்டையிட்டன? 1781இல் எங்கள் சோளிங்கரில் நடந்த போரில் மடிந்தவர்களை யாரும் வரைந்து கூடத்தில் மாட்டவில்லை. நம்மை அடிமைப்படுத்த வந்த இரண்டு கூட்டத்தார், நம் கடலில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதை அழகு என்று ரசிக்க என்னால் முடியவில்லை. பொன்னிறப் புகையும் உப்பிய பாயும் அந்த உண்மையை மூடும் திரையாகவே எனக்குத் தெரிகின்றன.

ஆரணி ஓவிய ஆசிரியை

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. பள்ளியில் இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது எனக்கும் இந்த உறுத்தல் உண்டு. அதற்கு விடையாக அன்று, வேறொரு பக்கத்தைக் காட்டுவதற்காக ஒரு செய்தி சொல்கிறேன்.

பாய்க்கப்பல் ஓவியத்தின் பெரிய பெயர்களான வில்லம் வான் டி வெல்டே என்ற தந்தையும் அதே பெயருடைய மகனும் ஒல்லாந்துக்காரர்கள். தந்தை 1666இல் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் நடந்த நான்கு நாள் போரின்போது, சிறு படகொன்றில் கப்பல்களுக்கு இடையே போய் உட்கார்ந்து, குண்டுகள் பறக்கப் பறக்கத் தாளில் வரைந்தவர். 1672-73 குளிர்காலத்தில் இருவரும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள், அதுவும் இரு நாடுகளும் போரில் இருக்கும்போதே. 1674இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் விதித்தார். கடற்போர்களைக் கோட்டுருவமாக எடுப்பது தந்தைக்கு, அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது மகனுக்கு என்று வேலையைப் பிரித்தும் கொடுத்தார். கிரீனிச்சில் அரசியின் மாளிகையிலேயே அவர்களுக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. நேற்றுவரை ஒரு பக்கத்தை வரைந்த கை, இன்று எதிர்ப்பக்கத்தை வரைந்தது. அவர்களுடைய படங்களில் எந்தக் கொடி வென்றது என்பதைவிட, சாயும் பாய்மரத்தின் கயிறுகள் எந்த வரிசையில் அறுந்து தொங்குகின்றன என்பதே கூர்மையாக இருக்கிறது. மகன் வரைந்த, ஆம்ஸ்டர்டாமில் உள்ள பீரங்கி முழக்கப் படத்தில் எதிரியே இல்லை. அசைவற்ற நீரின் மேல் ஒரு கப்பல் வெறுமனே முழங்குகிறது. அந்தப் புகை நீரில் விழும் நிழலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்று, அவர்களின் அடிவானத்தைக் கவனியுங்கள். படத்தின் உயரத்தில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே கடல் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வானம். பார்ப்பவரின் கண் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு படகில் இருப்பவரின் கண்ணாக வைக்கப்படுகிறது. அதனால்தான் கப்பல் கோபுரம்போல் மேலே எழுகிறது. கோபுர வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் அனுபவம் உள்ள நமக்கு இது எளிதில் பிடிபடும்.

ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றி இங்கே யாரும் இன்னும் பேசவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. டெமரேர் என்ற 98 பீரங்கிக் கப்பல், டிரபால்கரில் நெல்சனின் விக்டரி கப்பலுக்குத் துணையாக வந்து நின்றது. 1838இல் அதை உடைப்பதற்காகத் தேம்சு ஆற்றில் இழுத்துச் சென்றதை அவர் வரைந்து, அடுத்த ஆண்டு காட்சிக்கு வைத்தார். முன்னால் கறுத்த சிறு நீராவிப் படகு, பின்னால் வெளிறிய ஆவியுருவம்போல் பெருங்கப்பல், வலப்பக்கம் இரத்தம் தோய்ந்தாற்போல் மறையும் சூரியன். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அதை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அச்சிலும் அது நெஞ்சை அடைக்கிறது.

கணியம்பாடி மாலுமி

அம்மா, அந்தப் படத்தின் மேல் உங்களுக்கிருக்கும் அன்பை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அதில் எத்தனை இடங்களில் உண்மை விலகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விற்பதற்கு முன்பே கடற்படையினர் டெமரேரின் பாய்மரங்களைக் கழற்றிவிட்டார்கள். படத்தில் மூன்றும் கம்பீரமாக நிற்கின்றன. இழுத்துச் சென்றவை இரண்டு நீராவிப் படகுகள், படத்தில் ஒன்றுதான் உண்டு. ஷீர்னெசிலிருந்து ராதர்ஹைத் நோக்கி, அதாவது மேற்கே போன கப்பல், படத்தில் மறையும் சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வருகிறது. பிரிஸ்டலைச் சேர்ந்த நிக்கலஸ் போகாக் வணிகக் கப்பலின் தலைவராக இருந்து ஓவியரானவர். தம் கப்பல் நாட்குறிப்பிலேயே அன்றன்றைய கடலையும் பாயையும் வரைந்து வைத்தவர், 1794 சூன் முதல் நாள் போரின்போது பெகாசஸ் என்ற கப்பலில் இருந்து நேரில் கண்டவர். அவர் படத்தில் ஒரு கயிறுகூட இடம் மாறியிராது. என் மனம் போகாக்கின் பக்கம்தான் நிற்கிறது. கடலில் இடம் மாறிய ஒரு கயிறு ஓர் உயிரை வாங்கும் என்று பழகியவன் நான்.

ஆரணி ஓவிய ஆசிரியை

ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. டர்னரின் டிரபால்கர் படத்தைப் பார்த்த கடற்படையினரும் இதே குறையைத்தான் சொன்னார்கள். மன்னர் நான்காம் ஜார்ஜ் கேட்டு, 1822 முதல் 1824 வரை அவர் வரைந்த அது, ஏறக்குறைய எட்டரை அடி உயரமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ளது. நண்பகலுக்கு முன் ஏற்றிய நெல்சனின் கொடிச்செய்தியின் கடைசிச் சொல், பிற்பகலில் சாய்ந்த பாய்மரம், மாலையில் எரிந்த அக்கீல் என்ற கப்பல், மறுநாள் மூழ்கிய ரெடவ்டபிள் ஆகிய எல்லாம் ஒரே நொடியில் நடப்பதுபோல் அதில் நிற்கின்றன. மன்னர் சில ஆண்டுகளிலேயே அதைக் கிரீனிச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் இந்த முறை நமக்குப் புதிதா? சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், காஞ்சிபுரத்துக்கு அருகே 1780இல் நடந்த பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஐதரும் திப்புவும் பவனி வருவதும், வெடிமருந்து வண்டி வெடிப்பதும், ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் துவள்வதும் ஒரே பரப்பில் உள்ளன. அதை யாரும் காலப்பிழை என்று சொல்வதில்லை. கண் நடந்து நடந்து படிக்க வேண்டிய சுவர் அது. நம் கோயில் தூண்களிலும் ஒரே பாத்திரம் ஒரே கல்லில் இரண்டு முறை வந்து நிற்கும். டர்னரின் அந்தப் பெரிய படத்தையும் ஒரு சுவரைப் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக நடந்து படித்தால், ஒரு நாள் முழுவதும் அதில் இருக்கிறது. டெமரேரில் அவர் பாய்மரங்களைத் திருப்பிக் கொடுத்ததும் அறியாமையால் நேர்ந்தது ஆகாது. சாகப்போகும் வீரனுக்கு அவனுடைய ஆடையை மறுபடி அணிவித்து அனுப்புவதுபோல் அதைச் செய்திருக்கிறார் என்றே நான் கொள்கிறேன். இழுக்கும் படகில் மட்டும் ஒரு வெள்ளைக் கொடி பறக்கிறது. டெமரேரில் கொடி இல்லை, விற்கப்பட்டுவிட்ட கப்பலாயிற்றே. அந்த இடத்தில் டர்னர் உண்மையிலிருந்து இம்மியும் விலகவில்லை.

கணியம்பாடி மாலுமி

அந்தக் கொடியைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். பாய்மரங்களைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

கோட்டை அகழி (வேலூர்)

சோளிங்கர்த் தம்பிக்கு வேலூர்க்காரன் என்ற முறையில் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரையில் உள்ள முத்துமண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தவர். அவர் இங்கு எப்படி வந்தார் என்று நாம் கேட்பதில்லை. 1815இல் கண்டி வீழ்ந்தது. 1816 சனவரியில் அவரையும் அரசியரையும் உறவினர்களையும் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். அந்தப் போர்க்கப்பலின் பெயர் கார்ன்வாலிஸ். 74 பீரங்கிகள் கொண்ட அது, பம்பாயில் பார்சித் தச்சரான ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் கையில், தேக்கு மரத்தில் உருவாகி 1813இல் நீரில் இறங்கியது. அதே கப்பலின் மேல்தான் 1842இல் சீனர் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்தக் காட்சி படமாக வரையப்பட்டு, அச்சாகிப் பல இடங்களுக்குப் பரவிற்று. பின்னர் ஷீர்னெசில் கரையோரத் துறைமேடையாகக் கிடந்து, 1957இல்தான் அது உடைக்கப்பட்டது. நம் தேக்கு அவ்வளவு காலம் தாங்கியது.

நம் மரம், நம் தச்சர், நம் கோட்டைக்குச் சிறைவந்த மன்னர் என்று இத்தனையும் அந்த ஒரு கப்பலில் இருக்கின்றன. போர்க்கப்பல் படத்தைப் பார்ப்பது ஆங்கிலேயரின் பெருமையைக் கொண்டாடுவதாக இருக்க வேண்டியதில்லை. கார்ன்வாலிசின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அடுக்கடுக்கான கதவுகளுக்குள் எந்த அறையில் அந்த மன்னர் உட்கார்ந்து கரை மறைவதைப் பார்த்திருப்பார் என்றுதான் என் கண் தேடும்.

சுஃப்ரன் கதையும் நம் மாவட்டத்துக்குள் வருவதுதான். 1782 தொடக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அவர் இறக்கிய பிரெஞ்சுப் படை ஐதருக்காக வந்தது. நாகப்பட்டினப் போர் முடிந்த அந்தச் சூலையிலேயே ஐதர் கூடலூர் சென்று அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பும் பிரெஞ்சு அச்சுப்படமாக வந்திருக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவப் புயல் தொடங்கியதும், துறைமுகமில்லாத இந்தக் கரையில் நிற்க முடியாமல் இரு கடற்படைகளும் விலகிப்போயின. திசம்பர் 7ஆம் நாள், பின்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சித்தூருக்கு அருகே, பாசறையிலேயே ஐதர் இறந்தார். கடலில் எழும் புகை ஆர்க்காடு வரை தெரியாமல் இருந்திருக்கலாம். அந்தப் புகை யார் பக்கம் போயிற்று என்பதைப் பொறுத்துத்தான் இங்கே நெல் அறுவடையானதும் எரிந்ததும்.

குடியாத்தம் அன்பர்

இடையில் ஒரு சிறு குறிப்பு. எங்கள் பாட்டி, அடங்காத பிள்ளையை "இவன் ஒரு எம்டன்" என்பார். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்று பின்னாளில்தான் அறிந்தேன். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. பாயே இல்லாத இந்த இரும்புக் கப்பல்களின் படங்களில் எதைப் பார்ப்பது?

கணியம்பாடி மாலுமி

புகைபோக்கியைப் பாருங்கள், ஐயா. அதிலிருந்து எழும் கரும்புகை காற்றும் வேகமும் சேர்ந்து முடிவுசெய்யும் திசையில் போகும். அணியத்தில் கிழிபடும் வெள்ளை நுரையின் உயரம் வேகத்தைச் சொல்லும். இரண்டும் பொருந்த வேண்டும். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். 1914 அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தபோது, ஆங்கிலக் கப்பல்போல் தோன்றுவதற்காகப் போலியாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டது. எம்டன் படம் என்று யாராவது காட்டினால், முதலில் அதை எண்ணிவிட்டு எந்த நாளின் படம் என்று கேளுங்கள்.

சோளிங்கர் வாசகன்

கண்டி மன்னரைக் கொண்டுவந்த கப்பலின் பெயரை இன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். முத்துமண்டபத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. என் உறுத்தல் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்குள் இருக்கும் நம்மவர்களையும் பார்க்காமல் போய்விடுவேன் என்று தோன்றுகிறது. பாலாற்றங்கரை ஐயா அனுமதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் படத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

ஆரணி ஓவிய ஆசிரியை

பாலாற்றங்கரை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளைக் கொடியை வைத்துத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அது உண்மையிலேயே வெள்ளைக் கொடியா, வண்ணம் தீட்டியவர் விட்டுவிட்ட கொடியா என்று பார்த்துவிட வேண்டும். நல்ல லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். படம் முழுவதும் சீரான புள்ளிகளாகத் தெரிந்தால், அது புகைப்பட முறையில் பிற்காலத்தில் அச்சான நகல். கோடுகளாகத் தெரிந்தால் செப்புத்தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செதுக்கி அச்சிட்டது. வெட்டுப்படாத ஓரங்களில் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படலாம். செதுக்கு அச்சில் மூவண்ணக் கொடியாக இருந்தால், நிறம் பிரியும் இடத்தில் செதுக்கியவர் கோடு போட்டிருப்பார். வண்ணம் தீட்டியவர் தவறினாலும் அந்தக் கோடு இருக்கும்.

கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டையை வைக்கச் சொல்லுங்கள். பூஞ்சைப் புள்ளிகளை நீங்களே துடைக்க வேண்டாம்.

பாலாற்றங்கரை

இன்று காலை, வெயில் முன்கூடத்துக்குள் வந்த நேரத்தில், என் பேத்தியின் லென்சை வாங்கிப் பார்த்தேன். புள்ளிகள் இல்லை. முடியைவிட மெல்லிய கோடுகள், கடல் முழுவதும் வளைந்து வளைந்து போகின்றன. புகையும் கோடுகளால்தான் ஆகியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அதை வெறும் சாம்பல்நிறம் என்று நினைத்திருந்தேன். வண்ணம் கையால் தீட்டியதுதான், ஏனெனில் ஆங்கிலக் கொடியின் சிவப்பு ஓரிடத்தில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. மேல் ஓரத்தில் தகட்டின் பள்ளம் விரலுக்குத் தெரிகிறது.

வெள்ளைக் கொடியில் மடிப்பைக் காட்டும் சில கோடுகளைத் தவிர வேறு கோடு இல்லை. பிரிவு இல்லை.

பின்னால் நிற்கும் இரண்டு கப்பல்களில் ஒன்றின் மேல், பருமலில் ஏறி நின்று பாயைப் பிடித்து இழுக்கும் ஆள்கள் இருக்கிறார்கள். எறும்பளவுகூட இல்லை. எண்ணினேன், ஒன்பது பேர். லென்ஸ் இல்லாமல் அவர்களை நான் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டேன். அவர்களைப் பார்த்ததிலிருந்து பாட்டனார் சொன்ன ஊர்ப்பெயர் சரியா தவறா என்ற பதைப்பு எனக்குக் குறைந்திருக்கிறது.

சோளிங்கர்த் தம்பி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வருவதற்குள் புதிய சட்டம் போட்டுவிடுவேன். இந்த முறை கடையில் நானும் உடன் உட்கார்ந்திருப்பேன். பின்னட்டையில் பென்சிலால் எழுத வேண்டியதையும் எழுதி வைத்துவிட்டேன்: "செதுக்கு அச்சு, கைவண்ணம். ஆங்கிலக் கொடி 1801க்கு முந்தையது. பிரெஞ்சுக் கொடி பிரிவில்லாத வெள்ளை. காற்று வலமிருந்து இடம். பின்னுள்ள இரு கப்பல்களின் பாய்கள் பின்னழுந்தியுள்ளன, ஒன்றின் பருமலில் ஒன்பது பேர். அடி ஓரம் வெட்டப்பட்டது. வீட்டார் கூடலூர்ச் சண்டை என்பர்."